புட்டோ நடனத்தைப் பற்றி ஆய்வு செய்ய நூலகங்களில் எங்கே, எதைத் தேடுவது?

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன்: புத்தக அலமாரியில் தொடங்காதீர்கள். நானும் நிகழ்த்துகலை மாணவனாக இதில் கொஞ்சம் முட்டி மோதியவன்தான். புட்டோ, ஜப்பானில் பிறந்த நவீன நடன வடிவம். அதைத் தொடங்கிவைத்த ஹிஜிகாதா தத்சுமி, முதல் புட்டோ படைப்பாகக் கருதப்படும் 'கின்ஜிகி'யை டோக்கியோவில் ஆடியது 1959-ல். ஆங்கிலத்தில் புட்டோவுக்கென்றே புத்தகங்கள் வருவதற்கு 1980-கள் ஆகிவிட்டன. அதற்குள் நடந்ததெல்லாம் புகைப்படம், படச்சுருள், துண்டறிக்கை, குறிப்பேடு என்று சிதறிக் கிடக்கிறது.

அதில் பெரும்பகுதி டோக்கியோவில் கெய்யோ பல்கலைக்கழகக் கலை மையத்தில் இருக்கிறது. ஹிஜிகாதா ஆவணக்காப்பகத்தை அங்கே 1998-ல் தொடங்கினார்கள். கட்டாயம் பார்க்க வேண்டியவை அவருடைய ஒட்டுப்புத்தகங்கள். கலை இதழ்களிலிருந்து ஓவியங்களை வெட்டி ஒட்டி, பக்கத்திலேயே சொற்களைக் கிறுக்கி வைத்திருப்பார். ஓவியர் பிரான்சிஸ் பேக்கனின் சிதைந்த உருவம் ஒன்று நடனக் கலைஞரின் முதுகுக்கும் விரலுக்கும் எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. 'புட்டோ-ஃபு' என்கிற குறிப்புமுறை இதுதான். ஆனால் பாதிதான் இங்கே. மீதி, அவர் பயிற்சியில் சொல்லச் சொல்ல மாணவர்கள் எழுதிக்கொண்ட நோட்டுகளில் இருக்கிறது. அவர்களில் ஒருவரான வாகுரி யுகியோ தன் குறிப்புகளைத் தொகுத்து 1998-ல் ஒரு சிடி-ராம் வெளியிட்டார். பழைய சிடியை ஓட்டக் கணினி கிடைப்பதே இன்று பெரும்பாடு. நூலகரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்து, படங்களைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். ஹொசோயே எய்க்கோவின் 'காமாயிதாச்சி' (1969) புகைப்பட நூலில் ஹிஜிகாதா வயல்வெளியில் ஓடுகிறார், குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகிறார். அருமையான நூல். ஆனால் அது எந்த மேடை நிகழ்ச்சியின் பதிவும் இல்லை, இருவரும் சேர்ந்து உருவாக்கிய தனிப் படைப்பு. ஈமுரா தகாஹிகோ 1963-ல் எடுத்த 'அன்மா' படத்திலும் கேமராக்காரரே ஆட்டத்துக்குள் நுழைந்துவிடுகிறார். எதைச் சேகரித்தாலும் 'நிகழ்ச்சிப் பதிவு', 'தனிப் படைப்பு' என்று அப்போதே பிரித்துக் குறித்துவிடுங்கள். பல கட்டுரைகள் இங்கேதான் சறுக்குகின்றன.

புட்டோவின் இன்னொரு முன்னோடியான ஓனோ கசுவோ (1906–2010) பற்றித் தேடினால் அவருடைய யோகோஹாமா பயிற்சிக்கூடம் ஒரு வழி, இத்தாலியில் போலோஞ்ஞா பல்கலைக்கழகத்தின் சேகரிப்பு இன்னொரு வழி. 1980-ல் பிரான்சின் நான்சி விழாவில் ஆடியபிறகு அவர் ஐரோப்பாவில் பரவலாக அறியப்பட்டார், ஆகவே அந்தக் காலப் பிரெஞ்சுப் பத்திரிகைகளையும் விட்டுவிடாதீர்கள். நியூயார்க்கில் லிங்கன் சென்டரில் உள்ள பொது நூலகக் கிளையின் நடனப் பிரிவு காணொளிகளுக்குப் பெயர்போனது. சிலவற்றை அங்கேயே உட்கார்ந்துதான் பார்க்க முடியும்.

தேடும்போது ஆங்கிலத்தை மட்டும் வைத்துக்கொண்டால் பருப்பு வேகாது. பெயர்களை ஜப்பானிய எழுத்தில் நகலெடுத்து, ஜப்பானியப் பல்கலைக்கழக நூலகங்களின் கூட்டுப் பட்டியலான சைனீயிலும் (CiNii) தேசிய நாடாளுமன்ற நூலகத்தின் தேடலிலும் ஒட்டித் தேடுங்கள். ஆங்கிலப் பட்டியல்களில் குடும்பப்பெயர் முன்னும் பின்னுமாக மாறி வரும், இரண்டு வரிசையிலும் போட்டுப் பாருங்கள்.

அப்புறம், காப்பகத்துக்கு மின்னஞ்சல் எழுதும்போது 'புட்டோ பற்றி என்ன இருக்கிறது?' என்று பொத்தாம்பொதுவாகக் கேட்காதீர்கள். நிகழ்ச்சியின் பெயர், ஆண்டு, வேண்டியது புகைப்படமா துண்டறிக்கையா என்று குறிப்பாகக் கேளுங்கள்.