காட்டு மண் வரைபடம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: முண்டந்துறைக் காட்டை மேலிருந்து பார்த்தால் மர உச்சிகளே தெரிகின்றன. அடியிலுள்ள மண்ணைச் செயற்கைக்கோள் எவ்வாறு அறியும்? (மாணவர், அம்பாசமுத்திரம்)

பதில்: அறியாது, கணிக்க உதவும், அவ்வளவே. உழுத வயலில் மண்ணின் நிறத்தையே படம்பிடிக்கலாம். காட்டில் அதற்கு வழியில்லை. ஆகவே, தட்பவெப்பம், உயிரினம், நிலத்தோற்றம், தாய்ப்பாறை, காலம் என 1941-இல் மண்ணியல் அறிஞர் ஹான்ஸ் ஜென்னி வகுத்த மண்ணாக்கக் காரணிகளை வரைபட அடுக்குகளாகத் திரட்டி, குழி தோண்டி எடுத்த மாதிரிகளின் ஆய்வக அளவுகளோடு அவற்றுக்குள்ள தொடர்பைக் கணினியால் கண்டறிந்து, மாதிரி எடுக்காத இடங்களின் மண்ணையும் அத்தொடர்பைக் கொண்டே கணிக்கிறோம். மணிமுத்தாற்று அடிவாரத்திலிருந்து நாலுமுக்குக்கு ஏறினால் மழை கூடுகிறது, வெப்பம் குறைகிறது, சருகு மெதுவாக மட்குகிறது; எனவே மண்ணின் கரிமத்தைக் கணிக்க உயரம் நல்ல துணை. செயற்கைக்கோள் படத்திலிருந்து இலைப்பசுமையை அளவிடும் பசுமைக் குறியீட்டை மட்டும் நம்ப வேண்டாம். அடர்ந்த பசுமைமாறாக் காட்டில் அது உச்சத்தை எட்டி நின்றுவிடுவதால், ஆழ்மண் நிறைந்த பள்ளத்தையும் மண் மெலிந்த மேட்டையும் ஏறக்குறைய ஒன்றுபோலவே காட்டும்.

கேள்வி: மாஞ்சோலைச் சாலையோரம் எடுத்த மாதிரிகளில் ஐந்தில் ஒரு பங்கை ஒதுக்கிவைத்துச் சோதித்தேன், கணிப்பு மிகத் துல்லியமாக உள்ளது. போதுமா? (ஆய்வு மாணவி, பாளையங்கோட்டை)

பதில்: போதாது. ஒதுக்கிய மாதிரியும் கணினிக்குக் கற்பித்த மாதிரியும் ஒரே சரிவில் அருகருகே இருந்தால், தேர்வுக்கு முன்பே வினாத்தாளைப் பார்த்த கதைதான். ஓர் ஓடைப் படுகையை முழுவதுமாக விலக்கிவைத்துச் சோதியுங்கள். துல்லியம் பெரும்பாலும் இறங்கும். ஆயினும் ஆய்வேட்டில் எழுத வேண்டியது அந்த எண்ணைத்தான். சாலைக்காக வெட்டிக் கலைத்த மண் காட்டின் உள்மண்ணுக்குச் சான்றாகாது என்பதால், உரிய அனுமதி பெற்று உள்ளேயும் மாதிரி எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை.

கேள்வி: கரிமத்தின் அளவை ஹெக்டேருக்கு இத்தனை டன் என எப்படிக் கணக்கிடுவது? (வாசகர், கல்லிடைக்குறிச்சி)

பதில்: 30 செ.மீ. ஆழத்துக்குச் சலித்த நுண்மண்ணில் கரிமம் 2 விழுக்காடும், பரும அடர்த்தி (இடைவெளிகளையும் சேர்த்த கன அளவுக்கு உலர்மண்ணின் எடை) கன செ.மீ.க்கு 1.2 கிராமும் எனில், ஒரு ஹெக்டேரில் மண் 3,600 டன்; அதில் 2 விழுக்காடு, அதாவது கரிமம் 72 டன். ஆனால் கன அளவில் 30 விழுக்காடு கல் இருந்தால் அது 50.4 டன்னாகச் சுருங்கும். மலைச்சரிவுகளில் கல்லைக் கழிக்க மறப்பதே பெரும்பிழை. மேலே கிடக்கும் சருகைத் தனியே நிறுக்க வேண்டும்.

கேள்வி: இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் உலக மண் வரைபடத்தைப் பார்த்து மலையடிவாரத்தில் மரக்கன்று நடலாமா? (விவசாயி, விக்கிரமசிங்கபுரம்)

பதில்: அத்தகைய உலக மண் வரைபடமான சாயில்கிரிட்ஸில் ஒரு கட்டம் 250 மீட்டர் பக்கமுடையது, அதாவது 6.25 ஹெக்டேர். ஓடைக்கரை வண்டலும் பாறைத்திட்டும் அதற்குள் சேர்ந்தே அடங்கிவிடும். எங்கே குழி தோண்டிப் பார்ப்பது என்று தேர்ந்தெடுக்க அதைப் பயன்படுத்துங்கள். கணித்த மதிப்பின் கீழ் எல்லைக்கும் மேல் எல்லைக்கும் இடைவெளி மிகுதியாக உள்ள கட்டங்களில் முதலில் தோண்டுங்கள்.