சைக்கிளடியில் நடக்கிற கூட்டம்

வணக்கம் ரீச்சர்,

நான் கிளிநொச்சி மாவட்டத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தராக வேலை செய்கிறேன். மாதத்தில் நாலைந்து கூட்டம் வைக்கிறேன். எல்லாவற்றிலும் நான் மட்டும்தான் கதைக்கிறேன். கேள்வி கேட்டால் தலையைக் குனிகிறார்கள், இல்லாவிட்டால் "ஓம் மிஸ்" என்கிறார்கள். ஆனால் கூட்டம் முடிந்ததும் வெளியே சைக்கிள் எடுக்கிற இடத்தில் அரை மணித்தியாலம் நின்று கதைக்கிறார்கள். போன மாதம் ஒரு கிராமத்தில் கோழிக்குஞ்சு கொடுக்கும் திட்டத்துக்கு எல்லோரும் ஓம் சொல்லிக் கையொப்பமும் வைத்தார்கள். கீரித் தொல்லையால் அந்த ஊரில் ஒருவரும் கோழி வளர்ப்பதில்லை என்பது எனக்குச் சைக்கிளடியில்தான் தெரிய வந்தது. "எங்கட சனத்துக்குக் கூட்டத்தில கதைக்கத் தெரியாது" என்கிறார் மேலதிகாரி. உண்மையா? வீட்டிலும் இதே நிலைதான். ஊரில் தனியே இருக்கும் அம்மாவுக்கு ஒவ்வொரு நாளும் போன் எடுக்கிறேன். இரண்டு நிமிடத்தில் கதை முடிந்துவிடுகிறது.

ஒரு வாசகி, கிளிநொச்சி

அன்பின் பிள்ளைக்கு,

எங்கள் சனத்துக்குக் கூட்டத்தில் கதைக்கத் தெரியாது என்பதை நான் ஏற்கமாட்டேன். இரணைமடுக் குளத்தின் கீழ் சிறுபோக நெல் விதைப்புக்கு முன்னர் வைக்கிற பயிர்ச்செய்கைக் கூட்டத்துக்கு ஒருமுறை போய்ப் பின்வரிசையில் இருந்து பாருங்கள். குளத்தில் இப்போது எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது, அது எத்தனை ஏக்கருக்குக் காணும் என்று நீர்ப்பாசனப் பொறியியலாளர் சொல்வார். அவர் இருக்குமுன்னரே கைகள் உயரும். முதல் தண்ணீர் எந்தத் திகதியில் திறப்பது, கடைசித் தண்ணீர் எப்போது, எத்தனை மாத நெல் விதைப்பது, எந்த வாய்க்காலுக்கு எத்தனை ஏக்கர் பங்கு, மாடுகளை எந்த நாளுக்குள் கட்டுவது என்று ஒவ்வொன்றுக்கும் வாக்குவாதம் நடக்கும். வாய்க்கால் கடைசியில் காணி வைத்திருப்பவர் தன் கதையைச் சொல்லி முடிக்காமல் இருக்கமாட்டார். மாவட்டத்தின் பெரிய அதிகாரிகள் முன்னால் இருக்கிறார்கள் என்ற தயக்கம் அங்கே எவருக்கும் வருவதில்லை.

அதே குடும்பங்களின் பெண்கள்தான் உங்கள் மண்டபத்தில் வாய் திறக்காமல் இருக்கிறார்கள். பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் ஒருவர் சொல்லும் சொல்லால் நாளைக்கு அவருடைய வயலுக்குத் தண்ணீர் வரும், அல்லது வராமல் போகும். உங்கள் கூட்டத்துக்கு அவர்கள் வருமுன்பே கோழிக்குஞ்சு பட்டியலில் ஏறிவிட்டது. மிச்சமிருந்தது கையொப்பம் மட்டும். அது அவர்களுக்கு விளங்கியிருக்கிறது. அவர்கள் சொன்ன "ஓம்" கோழிக்கு அல்ல, "நீங்கள் வந்த வேலை முடியட்டும், நாங்களும் வீட்டுக்குப் போக வேண்டும்" என்பதற்கு.

எங்கள் பேச்சில் "ஓம்" எத்தனை வேலை செய்கிறது என்று பாருங்கள். கூப்பிட்டால் ஓம். போனில் மறுமுனை கதைக்கும்போது, கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதற்கு ஓம். சம்மதத்துக்கும் ஓம். மறுக்க விரும்பாத மரியாதைக்கும் ஓம். உங்கள் படிவத்தில் அதற்கு ஒரே ஒரு கட்டம்தான் இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வன்னியில் கேள்வி கேட்கப்படுவது என்பது சாதாரண அனுபவம் அல்ல. 2009இல் போரில் இடம்பெயர்ந்த சனத்தை வைத்திருந்த செட்டிகுளம் முகாம்களில் தொடங்கிய பதிவும் விசாரணையும் பலருக்கு இன்னும் முடியவில்லை. பிள்ளையைத் தேடும் தாய் ஒருத்தி 2010இல் நியமித்த நல்லிணக்க ஆணைக்குழுவுக்குச் சொன்னாள். 2013இல் வந்த காணாமற்போனோர் ஆணைக்குழுவுக்கும் அதையே சொன்னாள். 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சியில் வீதியோரத்தில் காணாமற்போனோரின் உறவினர் போராட்டம் தொடங்கியபோது வந்து கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னாள். 2018இல் இயங்கத் தொடங்கிய காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகமும் கேட்டது. அந்தத் துயரத்தையும் கோழிக்குஞ்சையும் நான் ஒரு தராசில் வைக்கவில்லை. ஆனால் உங்கள் மண்டபத்துக் கதிரைகளில் அந்தத் தாய்மாரும் அவர்களுடைய சகோதரிகளும் இருக்கிறார்கள். கோவையோடு வந்து கேட்பவர் எழுதிக்கொண்டு போவார், திரும்பி வரமாட்டார் என்பதை அவர்கள் படித்து வைத்திருக்கிறார்கள்.

ஆகவே கூட்டத்துக்கு நாள் குறிக்குமுன் உங்களையே ஒன்று கேளுங்கள்: இவர்கள் சொல்வதால் எது மாறலாம்? ஒன்றும் மாறாது என்றால் கூட்டம் வேண்டாம், அறிவித்தலை ஒட்டிவிடுங்கள். அவர்களுடைய ஒரு நாள் கூலி மிஞ்சும். ஏதாவது மாறலாம் என்றால் பொறியியலாளர் அடிக்கணக்குச் சொல்வதுபோல அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். இவ்வளவு காசு, இந்தத் திகதிக்குள் செலவழிக்க வேண்டும், கோழி என்று எழுதியிருக்கிறது, இந்தக் கிழமைக்குள் என்றால் மாற்றிக் கேட்கலாம். இவ்வளவும் தெரிந்தால் மனிதர் கதைப்பார்கள்.

அடுத்தது கேள்வியின் வால். எங்களுக்கு "தானே" என்றொரு பழக்கம் இருக்கிறது. "விளங்குதுதானே?", "பிரச்சினை ஒண்டும் இல்லைத்தானே?" இப்படிக் கேட்பவர் பதிலையும் தானே சொல்லிவிடுகிறார். எதிரே இருப்பவர் இல்லை என்று சொல்வதற்கு முதலில் உங்களை மறுக்க வேண்டும். எங்கள் ஊரில் ஒரு பெண் அலுவலகத்துப் பிள்ளையைப் பலர் முன்னால் மறுப்பாளா? அமெரிக்காவில் ஜோன் ஹெரிடேஜ் என்ற சமூகவியலாளரும் கூட்டாளிகளும் 20 குடும்ப வைத்தியர்களோடு சேர்ந்து இதை அளந்து பார்த்து 2007இல் வெளியிட்டார்கள். நோயாளர் வரும்போதே மனதில் பல குறைகளோடு வருகிறார், ஒன்றைச் சொன்னதும் வைத்தியர் மருந்து எழுதத் தொடங்கிவிடுகிறார், மற்றவை உள்ளேயே நின்றுவிடுகின்றன. ஒரு பகுதி வைத்தியர்கள் "வேறு ஏதும் இருக்கிறதா" என்று, இல்லை என்ற பதிலை எதிர்பார்க்கும் தொனியில் கேட்டார்கள். மற்றப் பகுதியினர் "இன்னும் சொல்ல வேண்டியது இருக்கிறதா" என்று, இருக்கும் என்ற தொனியில் கேட்டார்கள். ஆங்கிலத்தில் ஒரேயொரு சொல்தான் வித்தியாசம். இரண்டாவது விதமாகக் கேட்டபோது, சொல்லாமல் போகும் குறைகளில் 78 வீதம் இல்லாமல் போயின. முதல் விதமாகக் கேட்டதும் கேட்காமல் விட்டதும் ஒன்றாகவே இருந்தன. சந்திப்புக்கு எடுத்த நேரமும் பெரிதாகக் கூடவில்லை. எங்கள் "தானே" அந்த முதல் கேள்வியைவிட இறுக்கமாகக் கதவைச் சாத்துகிறது. "கோழி வளர்க்க விருப்பம்தானே?" என்ற இடத்தில் "இந்த ஊரில கோழி வளர்த்தவைக்கு என்ன நடந்தது?" என்று கேட்டிருந்தால் கீரி அன்றைக்கே மண்டபத்துக்குள் வந்திருக்கும்.

கேட்டபின் காத்திருங்கள். இதில் நான் தவறு செய்தவள். 1996இல் கிளிநொச்சி இடம்பெயர்ந்தபின் மல்லாவிப் பக்கம் மரத்தடியில் படிப்பித்தேன். கேள்வி கேட்பேன், பிள்ளைகள் பேசாமல் இருப்பார்கள், நானே பதிலைச் சொல்லிவிட்டு அடுத்ததுக்குப் போவேன். பாடத்திட்டம் முடிய வேண்டும் என்ற அவசரம். அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் ரோ 1970களில் எழுதியதை வெகுகாலம் கழித்துத்தான் வாசித்தேன். ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு விநாடியளவுதான் பொறுக்கிறார்கள், மூன்று விநாடி பொறுத்தால் பதில்கள் நீள்கின்றன, வழக்கமாக வாய் திறக்காத பிள்ளைகளும் கதைக்கிறார்கள் என்று அவர் வகுப்பறைகளில் இருந்து கண்டிருந்தார். வாசித்தபோது எனக்கு முன்வரிசையில் இருந்த ஒரு சிறுமியின் முகம் வந்தது. இரண்டு இடப்பெயர்வு கண்ட பிள்ளை. அவள் ஒவ்வொரு முறையும் வாயைத் திறக்கப் போவாள், நான் கதைத்துவிடுவேன். அந்த மூன்று விநாடியை அவளுக்குக் கொடுக்காமல் விட்டது இன்றைக்கும் நெஞ்சில் கிடக்கிறது.

மண்டபத்தையும் பாருங்கள். முன்னால் விரிப்புப் போட்ட மேசை, அதற்குப் பின்னால் நீங்கள், எதிரே வரிசையாகப் பிளாஸ்ரிக் கதிரைகள். அதில் இருப்பவர்களுக்கு உங்கள் முகமும் மற்றவர்களின் முதுகும்தான் தெரியும். சைக்கிளடியில் எல்லோரும் ஒருவர் முகம் ஒருவர் பார்த்து நிற்கிறார்கள். விசுவமடு, புதுக்குடியிருப்புப் பக்கம் கச்சான் பிடுங்கிய பிறகு குவியலைச் சுற்றி இருந்து காய் ஆயும் பெண்களைக் கண்டிருப்பீர்கள். கை வேலையில், கண் கச்சானில். ஒருவருடைய முகத்தை ஒருவர் பார்க்கத் தேவையில்லாததால் பாரமான கதைகளும் அங்கே வரும். கிழமைக் கடன்காரன் வாசலில் வந்து நின்றதை ஒருத்தி அந்தக் குவியலடியில்தான் சொல்வாள். மண்டபத்தில் "நுண்கடன் எடுத்தவை கையை உயர்த்துங்கோ" என்றால் உயர்த்துவாளா? நான் அந்த இடத்தில் இருந்தாலும் உயர்த்தமாட்டேன். எல்லாக் கேள்வியும் எல்லோர் முன்னாலும் கேட்கத்தக்கது அல்ல. சிலவற்றுக்கு அவள் வீட்டுத் திண்ணையும் ஒரு கோப்பைத் தேத்தண்ணியும் வேண்டும்.

அடுத்த கூட்டத்தைத் தலைமையுரையோடு தொடங்காதீர்கள். போனமுறை அவர்கள் சொன்னதை வாசித்துக் காட்டித் தொடங்குங்கள். கீரி பற்றிச் சொன்னீர்கள், மேலிடத்துக்கு எழுதினேன், இந்தப் பதில் வந்தது என்று சொல்லுங்கள். மறுத்துவிட்டார்கள் என்றால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். திரும்பி வந்து சொன்ன உத்தியோகத்தரைச் சனம் மறக்காது.

அம்மாவின் கதைக்கு வருகிறேன். நான் வவுனியாவில் வேலையாக இருந்தபோது என் அம்மாவும் ஊரில் தனியேதான் இருந்தார். பின்னேரம் போன் எடுத்து "சுகம்தானேயம்மா?" என்பேன். "ஓம் பிள்ளை." "சாப்பிட்டனீங்கள்தானே?" "ஓம் பிள்ளை." ஒரு நாள் மழையைப் பற்றிக் கதைக்கையில் "முற்றமெல்லாம் வேப்பிலை கொட்டியிருக்குமே, ஆர் கூட்டினது?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன். "பக்கத்து வீட்டுப் பெடிச்சிதான் வந்து கூட்டிவிட்டுப் போறவள்" என்றார். என் அம்மா தன் முற்றத்தை ஒருநாளும் இன்னொருவர் கையில் விட்டவர் அல்ல. பிறகு மெல்ல மெல்லக் கேட்டதில்தான் கிணற்றடியில் வழுக்கி விழுந்ததும் பத்து நாளாகக் கால் வீங்கியிருப்பதும் தெரிந்தது. அந்தப் பத்து நாளும் நான் போன் எடுத்திருந்தேன். பத்து நாளும் அவர் ஓம் சொல்லியிருந்தார்.

எங்கள் தமிழில் பேச்சுக்கும் கதை, நடந்ததைச் சொல்வதற்கும் கதை. உங்கள் அம்மாவிடம் சுகம் கேட்கவேண்டாம், நடந்ததைக் கேளுங்கள். ஆடு எங்கே மேய்ந்தது, கிணற்றில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது, இன்றைக்கு வீட்டுப் பக்கம் ஆர் வந்துபோனார்கள் என்று கேளுங்கள். உங்கள் அலுவலகத்தில் நடந்ததையும் அவருக்குச் சொல்லுங்கள். அந்தக் கீரியைப் பற்றியும் சொல்லிப் பாருங்கள், கோழிக்கூட்டைக் கீரியிடமிருந்து காப்பாற்ற அவரிடம் ஒரு வழி இருக்கக்கூடும்.

அடுத்த கூட்டம் எப்போதென்று எழுதுங்கள். கச்சான் ஆயும் நாளில் வைப்பதென்றால் நானும் வருகிறேன்.

அன்புடன்,
ரீச்சர்