சுழற்சி நின்ற பிறகும் தள்ளாட்டம்: சக நோயாளிகளின் துணை உதவுமா?

கேள்வி: எனக்கு வயது 54. எட்டு மாதங்களுக்கு முன் ஒரு காலையில் படுக்கையில் புரண்டபோது அறையே சுழன்றது. காது-மூக்கு-தொண்டை மருத்துவர் பரிசோதித்து, உள்காதில் துகள் இடம் மாறியதால் வரும் பி.பி.பி.வி. என்றார். தலையைத் திருப்பித் திருப்பிப் படுக்கவைத்துச் செய்த சிகிச்சையில் சுழற்சி நின்றது. ஆனால் இன்றுவரை நடக்கும்போது படகில் நிற்பதுபோல ஆடுகிறது. கூட்டமான கடைகளில் அது அதிகம். இரண்டு மாதங்களுக்கு முன் தடுமாறி விழுந்து மணிக்கட்டு எலும்பு முறிந்தது. சர்க்கரை நோயும் உண்டு. மூளை ஸ்கேன் நார்மல். “எல்லாம் மனசுதான்” என்கிறார்கள் வீட்டில். தலைசுற்றல் மாத்திரையைத் தினமும் போட்டுக்கொண்டிருக்கிறேன். இதே தொல்லை உள்ளவர்கள் கூடிப் பேசும் குழுவுக்குத் தோழி கூப்பிடுகிறாள். மற்றவர்களின் கதையைக் கேட்டால் பயம் கூடிவிடுமோ? போகலாமா?

பதில்: போங்கள். உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது, அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன். அதற்கு முன் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: ஸ்கேன் நார்மல் என்பதற்கு ‘உங்களுக்கு ஒன்றுமில்லை’ என்று அர்த்தம் இல்லை. மூளையில் கட்டி, ரத்தக்கசிவு போன்றவை இல்லை என்பதைத்தான் அது சொல்கிறது. உள்காதும் கண்ணும் காலும் அனுப்பும் செய்திகளை மூளை எப்படிச் சேர்த்துப் பார்க்கிறது என்பது எந்த ஸ்கேனிலும் தெரியாது.

முதலில் வந்தது என்ன என்று பார்ப்போம். உள்காதில் புவியீர்ப்பை உணரும் பகுதியில் மிகச் சிறிய கால்சியம் கார்பனேட் துகள்கள் ஒட்டியிருக்கும். அவற்றில் சில கழன்று அரைவட்டக் குழாய்க்குள் விழுந்தால், தலையை அசைக்கும்போதெல்லாம் அங்குள்ள திரவம் தேவையில்லாமல் நகரும், உலகம் சுழலும். உங்களுக்குச் செய்தது அநேகமாக எப்ளி முறையாக இருக்கும். ஜான் எப்ளி என்ற அமெரிக்க மருத்துவர் 1992இல் வெளியிட்ட கட்டுரைக்குப் பிறகு உலகமெங்கும் பரவிய முறை அது. துகள் பழைய இடத்துக்குத் திரும்பினால் சுழற்சி நின்றுவிடும்.

அப்படியானால் இப்போது இருக்கும் ஆட்டம் எங்கிருந்து வருகிறது? நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் எழுதியதைப் படித்ததும் ஒரு நிலை நினைவுக்கு வருகிறது. பெரிய சுழற்சி ஒன்று வந்துபோன பிறகு, மூளை எச்சரிக்கை நிலையிலிருந்து இறங்காமலேயே இருந்துவிடுவது உண்டு. ஒவ்வொரு அடியையும் கண்காணிக்கிறது, சமநிலைக்குக் கண்ணையே அதிகம் நம்புகிறது. அதனால்தான் அடுக்கி வைத்த பொருள்களும் நகரும் ஆட்களும் நிறைந்த கடையில் ஆட்டம் கூடுகிறது. மூன்று மாதங்களோ அதற்கு மேலோ, பெரும்பாலான நாள்களில் இப்படி இருந்தால் அதைத் தொடர் தலைசுற்றல் நோயாகக் கணக்கில் எடுக்க வேண்டும் என்று, சமநிலைக் கோளாறுகளை ஆராயும் பன்னாட்டு அமைப்பான பாரனி சங்கம் 2017இல் அதற்கான வரையறையை வெளியிட்டது. இந்த நிலையின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கம் பி.பி.பி.டி.; நரம்பியல் மருத்துவரிடம் அப்படிச் சொன்னால் புரிந்துகொள்வார். கற்பனை என்று யாரும் இதை ஒதுக்கத் தேவையில்லை. உடற்பயிற்சியாலும், சிலருக்கு மருந்தாலும், பதற்றத்தைக் கையாளும் மனநல சிகிச்சையாலும் குறையக்கூடியதுதான்.

இப்போது குழு விஷயம். சமநிலைக் கோளாறுக்கு முக்கியமான சிகிச்சை அசைவு. தலையைத் திருப்ப வேண்டும், நடக்க வேண்டும், ஆட்டம் வரும் சூழலுக்குள் கொஞ்சம் கொஞ்சமாகப் போக வேண்டும். அப்போதுதான் மூளை மறுபடியும் கணக்கைச் சரிசெய்துகொள்ளும். ஆனால் ஆட்டம் வந்தவர் இயல்பாகச் செய்வது நேர்மாறானது. கழுத்தை விறைப்பாக வைத்துக்கொள்வார், சுவரைப் பிடித்து நடப்பார், வெளியே போவதையே விட்டுவிடுவார். பயிற்சியின் முதல் சில நாள்களில் ஆட்டம் கூடுவதும் வழக்கம். “இது என்னைக் கெடுக்கிறது” என்று பலர் அந்த இடத்தில்தான் நிறுத்திவிடுகிறார்கள். ‘முதல் வாரம் எனக்கும் இப்படித்தான் இருந்தது, அப்புறம் குறைந்தது’ என்று அதைத் தாண்டி வந்தவர் ஒருவர் சொன்னால், மருத்துவரான நான் பத்து முறை சொல்வதைவிட அது ஆழமாக இறங்கும். அவர் எதிரே நின்று பேசுகிறார் என்பதே சாட்சி.

இது புதிய யோசனை இல்லை. 1940களில் பிரிட்டனில் காது மருத்துவர் காதார்னும் மறுவாழ்வு மருத்துவர் குக்சியும் தலையில் அடிபட்டவர்களுக்காகவும் காதுக் கோளாறு உள்ளவர்களுக்காகவும் வகுத்த பயிற்சிகள்தான் இன்றைய சமநிலைப் பயிற்சிகளுக்கு மூலம். அவற்றை நோயாளிகள் ஒன்றாகக் கூடிச் செய்வதையே அவர்கள் விரும்பினார்கள். பிறகு 1970களின் இறுதியில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கேட் லோரிக் என்ற ஆய்வாளர், மூட்டுவலிக்கான வகுப்புகளை மூட்டுவலி உள்ள சாதாரண மக்களையே நடத்த வைத்தார். அங்கே தெரியவந்த ஒரு விஷயம் எனக்கு மிகவும் பிடித்தது: எவ்வளவு பயிற்சி செய்தார்கள் என்பதைவிட, ‘என்னால் இதைச் சமாளிக்க முடியும்’ என்ற நம்பிக்கை எவ்வளவு வளர்ந்தது என்பதோடுதான் பலன் நெருக்கமாகச் சேர்ந்திருந்தது. அந்த நம்பிக்கையை எந்த மருந்துச் சீட்டிலும் எழுத முடியாது.

சரி, உங்கள் பயத்துக்கு வருகிறேன். குழுக்களில் அதிகம் பேசுபவர்கள் பெரும்பாலும் குணமாகாதவர்கள்தான். குணமானவர்கள் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். ஆகவே அங்கே கேட்பதை வைத்து உங்கள் எதிர்காலத்தைக் கணிக்காதீர்கள். இன்னொன்று, தலைசுற்றல் என்று வருகிற எல்லோருக்கும் ஒரே நோய் இல்லை. ஒருவருக்கு மெனியர் நோய் இருக்கும். காது இரைச்சலும் கேட்கும் திறன் இழப்பும் அதன் பகுதி, உப்பைக் குறைப்பது அவருக்குச் சொல்லப்பட்டிருக்கும். மற்றொருவருக்கு ஒற்றைத் தலைவலியோடு சேர்ந்த தலைசுற்றல் இருக்கும். அவர்களுடைய மாத்திரையும் உணவுக் கட்டுப்பாடும் உங்களுக்குப் பொருந்தாது. தைரியத்தை வாங்கிக்கொள்ளுங்கள், மருந்தை வாங்காதீர்கள். எப்ளி முறையையும் ஒருவருக்கொருவர் செய்து பார்க்க வேண்டாம். எந்தக் காது, எந்தக் குழாய் என்று தெரியாமல் செய்தால் பலன் இருக்காது. கழுத்தெலும்பில் கோளாறு இருந்தால் ஆபத்தும் உண்டு.

இரண்டு மூன்று முறை போய்ப் பாருங்கள். வீட்டுக்குத் திரும்பும்போது மனம் லேசாகி, நாளை கொஞ்சம் நடக்கலாம் என்று தோன்றினால் அந்தக் குழு உங்களுக்கானது. உடம்பை முன்பைவிட உன்னிப்பாகக் கவனிக்கத் தோன்றினால் விட்டுவிடுங்கள், அதில் குற்ற உணர்வு வேண்டாம். முழுக் குழுவே தேவையில்லாமலும் போகலாம். அங்கே ஒரே ஒருவரோடு மனம் ஒத்துப்போய், பயிற்சி முடிந்ததும் தினம் இரண்டு நிமிடம் தொலைபேசியில் பேசிக்கொண்டாலே போதும்.

தினமும் போடும் மாத்திரை பற்றி எனக்குக் கவலை இருக்கிறது. சின்னாரிசின், ப்ரோகுளோர்பெரசின் போன்றவை கடுமையான சுழற்சி இருக்கும் முதல் சில நாள்களுக்கு உரியவை. மாதக்கணக்கில் போட்டால் மூளை பழகிக்கொள்வதைத் தாமதப்படுத்தும். வயதானவர்களுக்குக் கை நடுக்கம், நடையில் மந்தம் போன்றவையும் வரலாம். நீங்களாக நிறுத்தாதீர்கள். பெட்டியோடு மருத்துவரிடம் போய், இன்னும் தேவையா என்று கேளுங்கள்.

மணிக்கட்டு முறிவைத் தனி விபத்தாக ஒதுக்கிவிட வேண்டாம். மாதவிடாய் நின்ற வயதில், நின்ற உயரத்திலிருந்து விழுந்து எலும்பு முறிந்தால் எலும்பு அடர்த்திப் பரிசோதனை அவசியம். எலும்பு அடர்த்திக் குறைவும் வைட்டமின் டி குறைவும் பி.பி.பி.வி.யோடும் தொடர்புள்ளவை. 2020இல் வெளியான தென் கொரிய ஆய்வில், வைட்டமின் டி குறைவாக இருந்தவர்களுக்கு அதைக் கால்சியத்தோடு சேர்த்துக் கொடுத்தபோது தலைசுற்றல் திரும்ப வருவது குறைந்தது. ஆகவே உங்களுக்கு வந்த இரண்டு துன்பங்களுக்கும் ஒரே வேர் இருக்க வாய்ப்புண்டு. ரத்தத்தில் வைட்டமின் டி அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். சர்க்கரை இருப்பதால் பாதத்தின் உணர்ச்சியையும், எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தம் இறங்குகிறதா என்பதையும், சர்க்கரை தாழ்ந்துபோகிறதா என்பதையும் சோதிக்க வேண்டும். கால் மரத்திருந்தால் கண் ஒன்றை மட்டுமே நம்பி நிற்க வேண்டியதாகிவிடும்.

வீட்டாரில் ஒருவரை அடுத்த முறை மருத்துவரிடமும், முடிந்தால் குழுவுக்கும் கூட்டிப்போங்கள். உங்களைப் போலவே இன்னும் நாலு பேர் ஒரே மாதிரி ஆட்டத்தைச் சொல்வதை நேரில் கேட்டால், ‘மனசுதான்’ என்ற பேச்சு தானாகக் குறையும்.

பி.பி.பி.வி. திரும்பி வருவது சகஜம். படுக்கையில் புரளும்போது பழைய சுழற்சி வந்தால் பதறாமல் மறுபடி காது மருத்துவரிடம் போகலாம். ஆனால் தலைசுற்றலோடு பேச்சு குளறினாலோ, இரட்டையாகத் தெரிந்தாலோ, முகம் கோணினாலோ, கை கால் வலுவிழந்தாலோ, நிற்கவே முடியாமல் போனாலோ, இதுவரை இல்லாத கடும் தலைவலி வந்தாலோ யாரையும் கலந்து பேசிக்கொண்டிருக்காமல் உடனே அவசர சிகிச்சைக்குப் போங்கள். அது பக்கவாதமாக இருக்கலாம். ஒரு காது திடீரெனக் கேட்காமல் போனாலும் அன்றைக்கே காது மருத்துவரைப் பாருங்கள், சிகிச்சையைச் சீக்கிரம் தொடங்கினால்தான் கேட்கும் திறன் திரும்பும் வாய்ப்பு அதிகம்.