டென்ஸ் அட்டவணை மனப்பாடமாகத் தெரிந்தும் மாணவர்களால் ஏன் ஆங்கிலத்தில் நான்கு வாக்கியங்கள் பிழையில்லாமல் எழுத முடிவதில்லை?

பன்னிரண்டு டென்ஸ்களையும் தடையில்லாமல் ஒப்பிக்கிற மாணவர்கள், தங்களைப் பற்றி நான்கு எளிய வாக்கியங்கள் எழுதச் சொன்னால் தடுமாறுகிறார்கள், இவர்களுக்கு எங்கிருந்து தொடங்குவது, தமிழில் வாக்கியம் கொடுத்து மொழிபெயர்க்கச் சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் அண்மையில்தான் கற்பிக்கத் தொடங்கியிருக்கிறீர்கள் என்றும், ‘பார்ட்ஸ் ஆஃப் ஸ்பீச்’சில் தொடங்கி ‘பாசிவ் வாய்ஸ்’சில் முடிகிற ஒரு புத்தகத்தைக் கையில் கொடுத்து, குறித்த காலத்துக்குள் அதை முடித்துவிடச் சொல்லியிருக்கிறார்கள் என்றும் ஊகிக்கிறேன். ஊகம் தவறாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பல ஆண்டுகளாகப் பெரியவர்களுக்கு மாலை வகுப்பு எடுத்து வருகிற எனக்கு, இந்தக் கேள்வி ஒரு பழைய வழக்கைத் திரும்பவும் திறந்துவிட்டது.

அந்தப் பன்னிரண்டு கட்ட அட்டவணையை முதலில் எடுத்து வைத்துவிடுங்கள். அன்று காலையில் தான் என்ன செய்தார் என்பதை எழுதத் தெரியாத ஒருவருக்கு ‘வில் ஹேவ் பீன்’ எதற்காகச் சொல்லிக்கொடுக்கப்படுகிறது என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. எளிய வாக்கியம் எழுத வேண்டியவருக்குத் தேவை ஒரு வினையும், அதை யார் செய்கிறார் என்ற தெளிவும்தான். பிழைகளில் பெரும்பாலானவை அந்த வினையைச் சுற்றியே நிகழ்கின்றன. ஆகவே வினையைக் கற்பியுங்கள், மற்றவை அதன் பின்னால் வரட்டும்.

என் வகுப்பில் ஓர் அம்மையார் சேர்ந்திருந்தார். அலுவலகத்தில் மேலதிகாரிக்கு ஆங்கிலத்தில் நான்கு வரி எழுத நேரும்போதெல்லாம் யாராவது எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கிறது, அந்த நிலை மாற வேண்டும் என்பதுதான் அவர் வந்த காரணம். இலக்கண விதிகளைக் கேட்டால் என்னைவிட வேகமாகச் சொல்வார். தன்னைப் பற்றி எழுதச் சொன்னபோது அவர் எழுதியது இப்படி இருந்தது: “மை சன் இஸ் ஸ்டடி இன் காலேஜ். ஹி வெரி குட் பாய். ஐ ஆம் லைக் மியூசிக். மை ஆஃபீஸ் வெரி ஃபார்.” கூர்ந்து பாருங்கள். ‘இஸ்’ வர வேண்டிய இரண்டு இடங்களில் அது இல்லை, ஆனால் வரக் கூடாத வடிவத்துக்கு முன்னால் ‘இஸ்’ஸும் ‘ஆம்’மும் வந்து நிற்கின்றன. இதைக் கவனக்குறைவு என்று ஒதுக்கிவிட முடியாது. ‘அவன் நல்ல பையன்’ என்ற தமிழ் வாக்கியத்தில் வினையே கிடையாது என்பதால் அங்கே ‘இஸ்’ விடுபட்டது. பள்ளியில் முதல் பாடமாக ‘ஆம், இஸ், ஆர்’ ஊட்டப்பட்டதால், எழுவாயை எழுதியவுடன் அவற்றில் ஒன்றைப் போட்டாக வேண்டும் என்று கை பழகிவிட்டது.

இது தமிழர்களுக்கு மட்டும் உரிய குறையும் அன்று. தானியா அயோனின், கென்னத் வெக்ஸ்லர் ஆகிய இரு மொழியியலாளர்கள், ஆங்கிலம் கற்கும் ரஷ்யத் தாய்மொழிக் குழந்தைகளின் பேச்சை ஆராய்ந்து 2002-இல் வெளியிட்ட கட்டுரையில் ஏறக்குறைய இதே காட்சியைக் காணலாம். அந்தக் குழந்தைகள் ‘எஸ்’ சேர்க்க வேண்டிய வினைகளில் அதைப் பெரும்பாலும் விட்டுவிட்டார்கள். ‘இஸ்’ முதலியவற்றையோ தாராளமாகப் பயன்படுத்தினார்கள், தேவையில்லாத வினைகளுக்கு முன்னாலும் கூட. ரஷ்ய மொழியிலும் நிகழ்காலத்தில் ‘அவர் ஆசிரியர்’ என்பதற்கு வினை தேவையில்லை என்பதை நினைத்துப் பார்த்தால், நம் மாணவர்களை மந்தமானவர்கள் என்று சொல்ல யாருக்கும் நாக்கு எழாது.

அந்த அம்மையாருக்கு நான் செய்தது மிக எளியது. நோட்டுப் பக்கத்தை நடுவில் கோடு கிழித்து இரண்டாகப் பிரித்தேன். இடப்பக்கத்தில் ‘ஆம், இஸ், ஆர்’ வரும் வாக்கியங்கள், வலப்பக்கத்தில் மற்ற வினைகள் வரும் வாக்கியங்கள். இடப்பக்கத்தில் அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு பெயரோ, ஒரு பண்போ, ஓர் இடமோ, ‘இங்’ சேர்ந்த வினையோ வரலாம், வெறும் வினை வரக் கூடாது. எந்த வாக்கியமும் இரண்டு பக்கத்திலும் கால் வைக்கக் கூடாது. ‘ஐ ஆம் லைக்’ என்பதை எந்தப் பக்கத்தில் எழுதுவீர்கள் என்று கேட்டபோது பேனாவைக் கோட்டுக்கு நேர் மேலே வைத்துக்கொண்டு சிறிது நேரம் யோசித்தார். பிறகு ‘ஆம்’ என்பதை அடித்துவிட்டு வலப்பக்கத்தில் எழுதினார். அந்தக் கோட்டின் ஒழுங்கைத் தவிர வேறு இலக்கண விதி எதையும் அதுவரை நான் சொல்லியிருக்கவில்லை.

அடுத்தது ‘எஸ்’. அவன், அவள், அது என்று படர்க்கை ஒருமை எழுவாயாக வந்தால் நிகழ்கால வினையோடு ‘எஸ்’ சேர வேண்டும் என்ற விதி தெரியாத மாணவர் கிடையாது. எழுதும்போது அதை நினைவில் வைத்திருக்கிற மாணவர்தான் கிடைப்பதில்லை. இதில் பொறுமை வேண்டும். ஆங்கிலத்தையே தாய்மொழியாகப் பேசிய மூன்று குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து, அவர்கள் பதினான்கு இலக்கணக் கூறுகளை எந்த வரிசையில் கைக்கொள்கிறார்கள் என்று உளவியலாளர் ரோஜர் பிரவுன் 1973-இல் எழுதினார். அந்த வரிசையில் இந்த ‘எஸ்’ பத்தாவது இடத்தில்தான் வருகிறது. பன்மையைக் குறிக்கும் ‘எஸ்’ நான்காவது. காதில் ஒரே ஒலிதான், ஆனால் ஒன்று பொருள் தருகிறது, மற்றொன்று ‘ஷி’ என்ற எழுவாய் ஏற்கெனவே சொல்லிவிட்டதையே மறுபடி சொல்கிறது.

நான் சிறு காகிதச் சீட்டுகளில் ‘ஷி’, ‘லைக்’, ‘மியூசிக்’ என்று எழுதி, ‘எஸ்’ என்ற ஒற்றை எழுத்துக்கும் தனியாக ஒரு சீட்டு வெட்டிக்கொண்டேன். மேசையில் ‘ஷி லைக்ஸ் மியூசிக்’ என்று அடுக்கிய பிறகு, ‘அவளுக்குப் பிடிக்காது’ என்று மாற்றச் சொல்லி, ‘டூ’, ‘நாட்’ என்ற இரண்டு சீட்டுகளைக் கொடுத்தேன். அவர் அவற்றை நடுவில் செருகிவிட்டு ‘ஷி டூ நாட் லைக்ஸ்’ என்று நிறுத்தினார். நான் ‘எஸ்’ சீட்டை ‘லைக்’கின் வாலிலிருந்து எடுத்து ‘டூ’வின் பக்கத்தில் வைத்து, இடையில் ஒரு ‘ஈ’யை மட்டும் பேனாவால் எழுதினேன். ‘டஸ்’ ஆனது. “இத்தனை வருஷமாக ‘டஸ்’ என்பது வேறு ஏதோ தனி வார்த்தை என்று நினைத்திருந்தேன், மேடம்” என்றார் அவர். பிறகு ‘நாட்’டை எடுத்துவிட்டு ‘டஸ்’ஸை முன்னால் தள்ளிக் கேள்வியாக்குவதை அவரே செய்தார்.

அந்தச் சீட்டு காட்டுகிற செய்தி பெரியது. ஓர் எளிய ஆங்கில வாக்கியத்தில் காலத்தைக் காட்டும் குறி ஒரே ஓர் இடத்தில், அதாவது முதல் வினையில்தான் வரும். ‘டிட் நாட் வென்ட்’ ஏன் பிழை, ‘கேன் கோஸ்’ ஏன் பிழை, ‘டஸ் ஷி லைக்ஸ்’ ஏன் பிழை என்ற மூன்று கேள்விகளுக்கும் இது ஒன்றே விடை. நிகழ்காலத்தில் ‘எஸ்’ சீட்டு நகர்ந்தது போலவே இறந்தகாலமும் ‘டூ’வின் மேல் ஏறி ‘டிட்’ ஆகிறது, அடுத்த வினை வெறும் வினையாக நிற்கிறது. எதிர்மறையாக்குவது நல்ல சோதனைக் கருவியும் ஆகும். மாணவர் எழுதிய எந்த வாக்கியத்தையும் ‘இல்லை’ என்று மாற்றச் சொல்லுங்கள், வினையில் ஒளிந்திருந்த குழப்பம் வெளியே வந்துவிடும்.

இனி வழக்குக்கு வருகிறேன். அந்த நாட்களில் நான் கற்பித்த இடத்தின் பொறுப்பாளர் ஒருநாள் நோட்டுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு என்னை அழைத்தார். ஒரு பக்கத்தில் பல பிழைகள் இருக்க, நான் வினைப் பிழைகளுக்கு மட்டும் அடிக்கோடிட்டு மற்றவற்றை விட்டிருந்தது அவர் கண்ணில் பட்டுவிட்டது. “திருத்தாத நோட்டைப் பார்க்கிறவர்கள் நம்மைப் பற்றி என்ன நினைப்பார்கள்?” என்பது அவர் கவலை. சிவப்பு மை அதிகமாக இருந்தால் உழைப்பு அதிகம் என்று கணக்கிடும் பழக்கம் இன்றும் பல இடங்களில் மாறவில்லை. மாணவர் அந்தச் சிவப்பைப் படிக்கிறாரா, படித்து எதையாவது மாற்றி எழுதுகிறாரா என்று கேட்பவர் அரிது. நான் அன்று விட்டுக்கொடுக்கவில்லை, இப்போதும் விட்டுக்கொடுப்பதாக இல்லை. இரண்டாம் மொழியில் எழுதுவோரின் இலக்கணத்தைத் திருத்துவது பயனற்றது, அதைக் கைவிட வேண்டும் என்றே மொழி கற்றல் ஆய்வாளர் ஜான் டிரஸ்காட் 1996-இல் எழுதினார். அதே துறையைச் சேர்ந்த டானா ஃபெரிஸ் 1999-இல் அதை மறுத்தார். நான் டிரஸ்காட் அளவுக்குப் போகவில்லை. ஆனால் ‘எ’, ‘தி’ ஆகியவற்றின் பயன்பாட்டை மட்டும் குறிவைத்துத் திருத்தியபோது மாணவர்கள் முன்னேறினார்கள் என்று 2007-இல் யங்ஹீ ஷீனும் 2008-இல் ஜான் பிட்சனரும் காட்டியிருக்கிறார்கள். ஒரு வேளைக்கு ஒரு வகைப் பிழை என்ற என் வழக்கத்துக்கு இது போதுமான துணை. முன்கூட்டியே மாணவரிடம் ‘இந்த வாரம் வினையை மட்டும் பார்ப்பேன்’ என்று சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டால், திருத்தப்படாதது எல்லாம் சரி என்று அவர் எண்ணிவிடக்கூடும், அந்த எண்ணத்தை உண்டாக்குவது நியாயமில்லை.

‘இலக்கணமே வேண்டாம் என்கிறாரா இவர்?’ என்று சிலர் கேட்கக்கூடும். அப்படி நான் எங்கும் சொல்லவில்லை. எழுவாய், வினை, ஒருமை, பன்மை என்ற சொற்கள் இல்லாமல் மேலே சொன்ன எதையும் விளக்கியிருக்க முடியாது. நான் எதிர்ப்பது, எழுதுவதோடு தொடர்பற்று வரையறைகளை ஒப்பிக்க வைப்பதை மட்டுமே. ஸ்டீவ் கிரஹாமும் டொலோரஸ் பெரினும் பல ஆய்வுகளைத் தொகுத்து 2007-இல் வெளியிட்ட அறிக்கையில், பழைய முறை இலக்கணப் பாடம் எழுத்துத் திறனுக்கு உதவவில்லை என்றும், சிறு வாக்கியங்களை இணைத்துப் பெரிதாக்கும் பயிற்சி உதவியது என்றும் கண்டார்கள். அது நான்காம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான மாணவர்களைப் பற்றியது, ஆங்கிலத்தை அந்நிய மொழியாகக் கற்கிற பெரியவர்களுக்கு அப்படியே பொருத்த நான் தயங்குவேன். இருந்தாலும் இணைக்கும் பயிற்சியை என் வகுப்பில் விடாமல் செய்கிறேன். ‘ஐ வாஸ் டயர்ட்’, ‘ஐ வென்ட் ஹோம்’ என்ற இரண்டையும் ‘சோ’வைப் போட்டு ஒருமுறை, ‘பிகாஸ்’ஸைப் போட்டு ஒருமுறை இணைக்கச் சொன்னால், முற்றுப்புள்ளி எங்கே விழ வேண்டும் என்பதும் சேர்ந்தே விளங்கிவிடுகிறது. ‘பிகாஸ்’ என்று தொடங்கும் பகுதியைத் தனி வாக்கியமாக வெட்டி எழுதும் பழக்கத்துக்கு இதைவிட நல்ல மருந்தை நான் பார்த்ததில்லை.

வினைகளை அவற்றின் கூட்டாளிகளோடு சேர்த்தே சொல்லிக்கொடுங்கள். ‘புட்’ என்றால் எதை என்பதோடு எங்கே என்பதும் வேண்டும், ‘லிஸன்’ என்றால் பின்னால் ‘டு’ வேண்டும், ‘டிஸ்கஸ்’ என்றால் ‘அபௌட்’ வேண்டாம். ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஏ. எஸ். ஹார்ன்பி, தன் குழுவினரோடு உருவாக்கி 1942-இல் டோக்கியோவில் வெளிவந்த அகராதியில், வினைகள் எந்த எந்த அமைப்புகளில் வரும் என்று குறித்து வைத்தார். கற்பவருக்கு வினையின் பொருள் மட்டும் போதாது என்பதை அவர் அப்போதே உணர்ந்திருந்தார். ‘எ’, ‘தி’ பற்றி முதல் கட்டத்தில் ஒன்றே ஒன்று போதும்: எண்ணக்கூடிய பொருளின் ஒருமைப் பெயர் பொதுவாகத் தனியாக நிற்காது, ‘எ’, ‘தி’, ‘மை’, ‘திஸ்’ போன்ற ஏதாவது ஒன்று முன்னால் வேண்டும். எதைத் தேர்ந்தெடுப்பது என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மொழிபெயர்ப்பைப் பற்றிக் கேட்டீர்கள். தொடக்கத்தில் வேண்டாம். ‘எனக்குத் தலை வலிக்கிறது’, ‘என்னிடம் நேரம் இல்லை’ போன்ற வாக்கியங்களில் ஆங்கிலத்துக்குரிய எழுவாய் தமிழில் ‘எனக்கு’ என்றும் ‘என்னிடம்’ என்றும் உருபு ஏற்று நிற்கிறது, வினையோ கடைசியில் இருக்கிறது. இடமிருந்து சொல்லுக்குச் சொல் மாற்றிக்கொண்டு போகிறவர் முதல் அடியிலேயே வழி தவறுவார். அதற்குப் பதிலாக ஆங்கிலத்திலேயே கேள்வி கேளுங்கள். ‘வேர் டஸ் யுவர் பிரதர் ஒர்க்?’ என்ற கேள்வியிலேயே விடைக்கு வேண்டிய வினை இருக்கிறது, ‘எஸ்’ஸும் ‘டஸ்’ஸுக்குள் இருக்கிறது. அதை மீண்டும் ‘ஒர்க்’கின் வாலில் சேர்ப்பது மட்டுமே மாணவரின் வேலை. எழுதியவற்றின் பொருளை அவர் புரிந்துகொண்டாரா என்று பார்க்க வேண்டுமானால், ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குச் சொல்லச் சொல்லுங்கள். அந்தத் திசையில் கெடுதல் இல்லை.

கேட்கிற கேள்விகள் அவரவர் வாழ்க்கையைப் பற்றியவையாக இருக்கட்டும். ஒரு வகுப்புக்கு ஐந்து வாக்கியங்களுக்கு மேல் கேட்க வேண்டாம். எழுதி முடித்ததும் நோட்டை உடனே வாங்கிவிடாமல், ஒவ்வொரு வாக்கியத்திலும் வினைக்கு அடியில் அவர்களையே கோடு போடச் சொல்லுங்கள். கோடு போட இடம் கிடைக்காத வாக்கியத்தை அவர்களே கண்டுபிடித்து, நீங்கள் பார்ப்பதற்கு முன்பே திருத்திவிடுவார்கள்.