கொஞ்சம் தள்ளிப் போடலாமா, டாக்டர்?

இந்த முறை வந்த கேள்விகளில் "தடுப்பூசியே வேண்டாம்" என்று அடித்துச் சொன்னவர் யாருமில்லை. எல்லாருமே "இப்போது வேண்டாம்" கட்சி. முப்பது வருடமாகப் பினாங்கில் குழந்தைகளைப் பார்க்கிற எனக்கு இது புதிதில்லை. மறுப்பவர்களை விட, தள்ளிப்போடுபவர்களை நினைத்துத்தான் எனக்கு அதிகக் கவலை.

இரண்டாம் மாத ஊசி போட்ட அன்று இரவெல்லாம் மகளுக்குக் காய்ச்சல், ஓயாத அழுகை, தொடையில் வீக்கம். "பிள்ளை தேறட்டும், ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம்" என்கிறார் மாமியார். ஒரே ஊசியில் ஆறு நோய்க்கு மருந்தாமே, பிஞ்சு உடம்பு தாங்குமா? (பட்டர்வொர்த் வாசகி)

தாங்கும். தொண்டை அடைப்பான், ரண ஜன்னி, கக்குவான் இருமல், போலியோ, மூளைக்காய்ச்சல் உண்டாக்கும் ஹிப் கிருமி, மஞ்சள்காமாலை பி என ஆறு பெயர்களைக் கேட்டால் மலைப்பாகத்தான் இருக்கும். ஆனால் பழைய கக்குவான் ஊசி ஒன்றிலேயே, உடம்பு எதிர்த்துப் பழக வேண்டிய புரதங்கள் ஏறக்குறைய 3,000 இருந்தன. இன்றைய ஊசியில் கக்குவானுக்கென்று இருப்பது இரண்டு மூன்றுதான். நீங்கள் குழந்தையாக இருந்தபோது போட்டுக்கொண்ட ஊசி இதைவிடக் கனமானது.

இனி மாமியாரிடம் ஒன்று கேளுங்கள்: கக்குவான் வந்த கைக்குழந்தையை அவர் பார்த்திருக்கிறாரா? பெரிய பிள்ளை என்றால் இழுத்து இழுத்து இருமும். இரண்டு மூன்று மாதக் குழந்தை சில சமயம் இருமுவதே இல்லை. திடீரென்று மூச்சு நின்று உதடு நீலமாகிவிடும். இந்த நோய் உயிரைக் குடிப்பது பெரும்பாலும் முதல் சில மாதங்களில்தான். அதனால்தான் 2, 3, 5 மாதம் என்று நெருக்கமாகப் போடுகிறோம். முதல் ஊசி மட்டும் முழுக் காவல் ஆகாது. ஆறு மாதம் கழித்துப் போடுவது வெள்ளம் வடிந்த பிறகு அணை கட்டுகிற கதை.

காய்ச்சலுக்குக் குழந்தையின் எடைக்கேற்ற பாராசிட்டமால் போதும்; அளவைக் கிளினிக் மிஸ்ஸியிடம் (நர்ஸிடம்) எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு நாளில் அடங்கிவிடும். மூன்று மணி நேரத்துக்கு மேல் தேற்றவே முடியாத அழுகை, வலிப்பு, துவண்டு போதல் இவற்றில் எதைக் கண்டாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். அடுத்த ஊசிக்கு முன் டாக்டரிடமும் சொல்லிவிடுங்கள். சாதாரணச் சளிக்காக ஊசியை ஒத்திப்போட வேண்டாம்.

எம்.எம்.ஆர். (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா) ஊசியால் ஆட்டிசம் வருமா? நண்பரின் மகன் அதற்குப் பிறகுதான் பேச்சை நிறுத்தினான். (பாயான் பாரு வாசகர்)

இந்தப் பயத்தின் வேர் 1998-இல் 12 குழந்தைகளை வைத்து லண்டனின் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்த ஒரு கட்டுரை. 2010-இல் அந்த இதழே அதைத் திரும்பப் பெற்றது; எழுதிய வேக்ஃபீல்ட் என்ற டாக்டரின் மருத்துவப் பதிவும் பறிபோனது. டென்மார்க்கில் 657,461 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2019-இல் வெளியிட்ட ஆய்விலும் எந்தத் தொடர்பும் இல்லை. நம் நாட்டில் இந்த ஊசி 9, 12 மாதங்களில் போடப்படுகிறது. ஆட்டிசத்தின் அறிகுறிகள் கண்ணில் படுவதும் அதையொட்டிய வயதில்தான். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. ஆனால் நண்பரிடம் இந்தப் பழமொழியைச் சொல்லிவிடாதீர்கள். அவருக்கு இப்போது வேண்டியது விளக்கமில்லை, துணை.

எங்கள் காலத்தில் அம்மை கண்டால் வேப்பிலை கட்டி, தலைக்குத் தண்ணீர் ஊற்றி எழுந்துவிடுவோம். இயற்கையாக வரும் எதிர்ப்புச் சக்திதானே நல்லது? (புக்கிட் மெர்தாஜாம் வாசகி)

எந்த அம்மை, அம்மா? நீங்கள் சொல்வது கொப்புளம் போடும் சின்னம்மையாக இருக்கலாம். அதற்கான ஊசி அரசாங்கப் பட்டியலிலேயே இல்லை. எம்.எம்.ஆர். தடுப்பது தட்டம்மையை. அது நுரையீரலையும் மூளையையும் தாக்கும். மற்ற கிருமிகளிடமிருந்து உடம்பு கற்று வைத்த பாடத்தையும் அழித்துவிடும். அப்புறம் எங்கே இயற்கைச் சக்தி? நோயாளி அறையை விட்டுப் போன பிறகும் அந்தக் கிருமி இரண்டு மணி நேரம் வரை காற்றில் தங்கும். ஊசியின் காவல் இல்லாத கூட்டத்தில் ஒருவரிடமிருந்து 12 முதல் 18 பேருக்குத் தொற்றும். தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக் கூட்டத்தை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள். வேப்பிலை கட்டுவதை நான் தடுக்கவில்லை. ஊசியைப் போட்டுவிட்டுக் கட்டுங்கள்.

"அந்த நோயெல்லாம் இப்போது ஏது?" என்றும் எழுதியிருந்தீர்கள். 2016-இல் பக்கத்துக் கெடாவிலும் மலாக்காவிலும் ஊசி போடாத பிள்ளைகள் தொண்டை அடைப்பானில் இறந்தார்கள். 27 ஆண்டுகளாக நாட்டில் இல்லாத போலியோ, 2019 டிசம்பரில் சபாவில் மூன்று மாதக் குழந்தையிடம் தென்பட்டது.

பிறந்ததும் தோளில் போட்ட ஊசி ஒரு மாதம் கழித்துச் சீழ் வைத்திருக்கிறது. (ஜெலுத்தோங் வாசகி)

காசநோய்க்கான பி.சி.ஜி. ஊசி அப்படித்தான் ஆறும். பிதுக்காதீர்கள், மஞ்சள் பூசாதீர்கள். அக்குளில் கட்டி தெரிந்தால் மட்டும் காட்டுங்கள். தழும்பு விழாவிட்டாலும் மறுபடி போட வேண்டியதில்லை.

மகனும் மருமகளும் சிங்கப்பூரில் வேலை. பேரன் என்னிடம் வளர்கிறான். இரண்டு ஊசி விட்டுப்போச்சு, ஊசி விவரம் எழுதும் நீலப் புத்தகத்தையும் தொலைத்துவிட்டேன். போனால் மிஸ்ஸி திட்டுவார்களே. (நிபோங் திபால், ஒரு பாட்டி)

விட்ட இடத்திலிருந்து தொடரலாம், பாட்டி. முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதில்லை. முன்பு போட்ட அதே கிளினிக்குக்குப் பேரனின் பிறப்புச் சான்றிதழோடு போங்கள். அவர்களிடம் பதிவு இருக்கும். மகனைக் கைப்பேசியில் மைசெஜாத்ரா செயலியிலும் பார்க்கச் சொல்லுங்கள். கூட்டம் குறைந்த நேரம் எது என்று முதலில் போன் போட்டுக் கேட்டுக்கொண்டால் காத்திருப்பு மிச்சம். திட்டுதான் தடை என்றால், திட்டுகிறவர்கள் யோசிக்க வேண்டும். அந்த ஒரு முகச்சுளிப்புக்குப் பயந்து எத்தனை பிள்ளைகளின் ஊசி நின்றுபோனதோ. அப்படியே நாலு வார்த்தை விழுந்தாலும் வாங்கிக்கொண்டு, பேரனுக்கு ஊசியைப் போட்டுக்கொண்டு வாருங்கள்.