டிராஃப்டுக்குப் பெயர் கொடுத்துவிட்டுக் கல்லூரிக்குத் திரும்ப முடியுமா?

கேள்வி: என் அக்கா மகன் எஃப்-1 மாணவர் விசாவில் அமெரிக்கா போய், கல்லூரி விளையாட்டின் மேல்மட்டமான டிவிஷன் 1 கல்லூரி ஒன்றில் கூடைப்பந்து ஆடுகிறான். இரண்டாம் ஆண்டு. தொழில்முறை லீகான என்பிஏவின் அணிகள் புது வீரர்களை ஆண்டுதோறும் இரண்டு சுற்றாகத் தேர்ந்தெடுப்பதை டிராஃப்ட் என்கிறார்கள். "என்பிஏ டிராஃப்டுக்குச் சும்மா பெயர் கொடுத்துப் பார், சரிப்படாவிட்டால் வாபஸ் வாங்கிக்கொள்" என்கிறார்களாம் கூட ஆடுகிறவர்கள். கல்லூரியில் ஆடும் வாய்ப்பு போய்விடாதா?

பதில்: பெயர் கொடுப்பதால் மட்டும் போகாது. தேதியைத் தவறவிட்டாலோ, கண்ட தாளில் கையெழுத்துப் போட்டாலோ போகும்.

வாபஸ் வாங்க இரண்டு கெடுக்கள் உண்டு. டிராஃப்டுக்குப் பத்து நாள் முன்புவரை என்பிஏ விடும். கல்லூரி விளையாட்டை ஆளும் என்சிஏஏவின் கெடு அதற்கு முன்பே முடிந்துவிடும். 2025-ல் என்பிஏ கெடு ஜூன் 15, என்சிஏஏ கெடு மே 28. இடைப்பட்ட நாளில் விலகியவருக்கு அந்த ஆண்டு டிராஃப்டும் இல்லை, கல்லூரி ஆட்டமும் இல்லை. தேதிகள் ஆண்டுக்காண்டு மாறும் என்பதால், விதிகளைக் கவனிக்கும் கல்லூரியின் கம்ப்ளையன்ஸ் அலுவலகத்தில் எழுத்துப்பூர்வமாகக் கேட்டு வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஏஜெண்டைத் தேடும் முன், என்பிஏவின் மதிப்பீட்டுக் குழுவிடம் கருத்துக் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். எந்தச் சுற்றில் எடுக்கப்படலாம், எடுக்கப்படுவாரா என்றே அந்தக் குழு சொல்லும். 2018-ல் வந்த விதிப்படி, அதற்கு விண்ணப்பித்தவர்தான் ஏஜெண்ட் வைத்துக்கொண்டு கல்லூரித் தகுதியையும் காப்பாற்றிக்கொள்ள முடியும். அந்த ஏஜெண்ட் என்சிஏஏ சான்று பெற்றவராக இருக்க வேண்டும். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். கல்லூரிக்குத் திரும்பினால் அதோடு முடிந்துவிட வேண்டும். அணிகளின் சோதனைக்குப் போகும் பயணம், தங்குமிடம், சாப்பாட்டுச் செலவை ஏஜெண்ட் ஏற்கலாம். அன்பளிப்பு, கைமாற்று என்று வேறு எது நீட்டினாலும் தொடக் கூடாது.

இந்தச் சோதனைகள் செமஸ்டர் முடியும் நேரத்தில்தான் வரும். எஃப்-1 மாணவர் செமஸ்டருக்கு 12 கிரெடிட்டுக்குக் குறையாமல் படித்தாக வேண்டும். பாடத்தைக் கைவிட்டால் ஆடும் தகுதியோடு விசாவுக்கும் ஆபத்து.

கல்லூரிக்குத் திரும்பினாலும் பணம் உண்டு என்ற, கூட ஆடும் அமெரிக்கர்களின் கணக்கு உங்கள் பையனுக்குப் பொருந்தாது. 2021-ல் 353 பேர் முன்கூட்டியே டிராஃப்டுக்குப் பெயர் கொடுத்தார்கள்; 2025-ல் 106 பேர்தான். பெயரையும் படத்தையும் விளம்பரத்துக்குத் தந்து சம்பாதிக்க 2021 ஜூலையில் அனுமதி வந்ததும், 2025 ஜூலை முதல் கல்லூரிகளே வீரர்களுக்கு வருமானத்தில் பங்கு தருவதும் இப்படிக் குறைந்ததற்கு முக்கியக் காரணங்கள். அந்தப் பணத்துக்காக எஃப்-1 மாணவர் அமெரிக்க மண்ணில் வேலை செய்தால் விசா சிக்கல் வரும். கென்டக்கி பல்கலைக்கழகத்தின் ஆஸ்கர் ட்ஷீப்வே, 2022-ல் அணி பஹாமாஸ் போனபோது விளம்பர வேலைகளை அங்கே முடித்ததற்கு இதுதான் காரணம்.

அப்படியானால் உடனே போய்விடலாமா? முதல் சுற்றில் எடுக்கப்பட்டால் இரண்டு ஆண்டுச் சம்பளம் உறுதி. இரண்டாம் சுற்றுக்கு அந்த உறுதி கிடையாது. என்பிஏவுக்கும் அதன் கீழ்நிலை லீகான ஜி லீகுக்கும் மாறி மாறி ஆடும் டூ-வே ஒப்பந்தத்தில் 2024-25 சம்பளம் 5,78,577 டாலர். வெறும் ஜி லீக் என்றால் 43,000 டாலர். வரி, ஏஜெண்ட் பங்கு போக மிஞ்சுவது சொற்பம்.

தங்கினால் மதிப்பு ஏறும் என்றும் அடித்துச் சொல்ல முடியாது. ட்ஷீப்வே 2022-ன் தேசியச் சிறந்த வீரர். இன்னொரு ஆண்டு தங்கி ஆடியும் 2023 டிராஃப்டில் எந்த அணியும் எடுக்கவில்லை. இந்தியானா பேசர்ஸ் அணி டூ-வே ஒப்பந்தத்தில்தான் சேர்த்துக்கொண்டது. அதே 2023-ல் பெயரை வாபஸ் வாங்கி பர்டூ பல்கலைக்கழகத்துக்குத் திரும்பிய கனடாக்காரர் ஸாக் ஈடி, மறு ஆண்டு டிராஃப்டில் ஒன்பதாவது ஆளாக மெம்பிஸ் அணிக்குப் போனார். ஈடியின் உயரம் 7 அடி 4 அங்குலம். ட்ஷீப்வேயின் பலமான ரீபவுண்டுக்கு, அதாவது கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பதற்கு, என்பிஏ தரும் விலை கல்லூரியில் கிடைப்பதைவிடக் குறைவு. உயரம், எறியும் வீச்சு, வயது ஆகியவற்றை அணிகள் எப்படிப் பார்க்கின்றன என்று மதிப்பீட்டிலேயே கேட்கச் சொல்லுங்கள். முதல் சுற்று என்ற பதில் வராவிட்டால், என்சிஏஏ கெடுவுக்குள் வாபஸ் வாங்கிப் படிப்பைத் தொடரட்டும் என்பதே என் யோசனை.

போவது என்று முடிவானால் மே மாதமே குடியேற்ற விசா வழக்கறிஞரைப் பிடியுங்கள். தொழில்முறை வீரர்களுக்கு வழக்கமாக பி-1ஏ (P-1A) விசாதான். அணிதான் விண்ணப்பிக்க வேண்டும். அனுமதி கைக்கு வரும்வரை, லாஸ் வேகஸில் ஜூலையில் நடக்கும் கோடை லீக் உட்பட, சம்பளத்துக்கு எங்கேயும் ஆடக் கூடாது.