ஜூனில் வந்த புயல் செப்டம்பரைச் சொல்லுமா?

அட்லாண்டிக் புயல் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. முதல் புயலுக்குப் பெயர் வைத்த உடனேயே, அமெரிக்கக் கரையோரம் வாழும் நம்மவர்கள் "இந்த வருஷம் எப்படி இருக்கும்?" என்று கேட்கத் தொடங்கிவிடுகிறார்கள். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு என் பதில்.

ஹூஸ்டன் வாசகர்: 2024 ஜூலை 8 அன்று பெரில் புயல் எங்கள் வீட்டை நாள்கணக்கில் இருட்டில் தள்ளியது. இவ்வளவு சீக்கிரம் பெரும்புயல் வந்தால் அந்த ஆண்டே மோசம் என்று பொருளா?

பெரில் அப்படித்தான் எச்சரித்தது. அதற்குக் காரணம் அது வந்த தேதி மட்டுமல்ல, பிறந்த இடம். ஆப்பிரிக்காவுக்கும் கரீபியன் தீவுகளுக்கும் நடுவே விரிந்த கடலில் ஜூன் 28 அன்று அது தாழ்வு மண்டலமாக உருவானது. ஜூன் 30-இல் நான்காம் வகைப் புயல் (வலிமையை அளக்கும் ஐந்து படிகளில் நான்காவது). ஜூன் மாதத்தில் அந்த வலிமையை எட்டிய புயல் அதற்கு முன் பதிவானதே இல்லை. மறுநாள் கிரெனடாவின் கரியாகு தீவைச் சிதைத்தது. அந்தக் கடற்பகுதி வழக்கமாக ஆகஸ்டில்தான் விழித்துக்கொள்ளும். ஜூனிலேயே விழித்தது என்றால் நீர் முன்கூட்டியே சூடேறிவிட்டது, புயலின் தலையைச் சாய்க்கும் மேல்மட்டக் காற்றும் தளர்ந்திருக்கிறது என்று பொருள். இரண்டும் மாதக்கணக்கில் நீடிக்கக்கூடியவை. அந்த ஆண்டு பெயர் பெற்ற புயல்கள் 18, அவற்றில் ஹரிக்கேன் எனும் கடும்புயல்கள் 11. சராசரியாகப் பெயர் பெறுபவை 14, ஹரிக்கேன்கள் 7.

சார்ல்ஸ்டன் வாசகர்: மே மாதமே எங்கள் கரைக்கு அருகில் புயல் உருவானால்?

அதை வைத்து எதையும் கணிக்காதீர்கள். வடக்கிலிருந்து இறங்கும் குளிர்காற்றின் முனை கடல்மேல் தேங்கி நின்றாலே அங்கே ஒரு சிறு புயல் சுழன்றுவிடும். 2015-இலும் 2020-இலும் மே மாதமே புயல் வந்தது. முதலாவதில் மொத்தம் 11, இரண்டாவதில் 30!

ஆர்லாண்டோ வாசகர்: ஜூலை முடிந்தும் ஒன்றும் வரவில்லை என்றால் நிம்மதியாக இருக்கலாமா?

கூடாது. இந்த ஒன்றைத்தான் நான் மன்றாடிக் கேட்டுக்கொள்வேன். 1992-இல் பெயர் பெற்ற முதல் புயலே ஆகஸ்ட் நடுவில்தான் வந்தது, அதுதான் ஆண்ட்ரூ. ஆகஸ்ட் 20 அன்று அதன் மைய அழுத்தம் 1015 மில்லிபார் வரை ஏறி, கலைந்துபோகும் நிலையில் இருந்தது. நான்கே நாளில் 922 மில்லிபாருடன் ஐந்தாம் வகைப் புயலாக மயாமிக்குத் தெற்கே கரையேறி, ஹோம்ஸ்டெட் வட்டாரத்தைத் தரைமட்டமாக்கியது. எண்ணிக்கையில் அது மிகச் சோம்பலான ஆண்டு. கூரை இழந்தவருக்கு அந்த எண்ணிக்கையால் என்ன பயன்?

2004-ஐயும் மறக்காதீர்கள். முதல் புயல் ஜூலை 31-இல்தான் உருவானது. பின்பு ஆறே வாரங்களில் சார்லி, ஃபிரான்சிஸ், ஐவன், ஜீன் என நான்கு ஹரிக்கேன்கள் ஃப்ளோரிடாவைப் பதம்பார்த்தன.

டாம்பா வாசகர்: உங்கள் 'பிறந்த இடம்' கணக்கு பொய்த்ததே இல்லையா?

பொய்த்திருக்கிறது. 2013 ஜூலையில் ஷான்டல் புயல், பெரில் பிறந்த அதே கடற்பகுதியில்தான் உருவானது. ஆனால் அந்த ஆண்டு முழுவதும் இரண்டே ஹரிக்கேன்கள், இரண்டும் முதல் வகை. வளிமண்டலத்தின் நடு அடுக்கு வறண்டு கிடந்தது. ஆகவே பிறந்த இடத்தைச் சாட்சிகளில் ஒன்றாகத்தான் கொள்கிறேன். எல் நினோ (பசிபிக் நீர் சூடேறி, அட்லாண்டிக் புயல்களை அடக்கும் நிலை), கடல் வெப்பம், சஹாராப் புழுதி எல்லாவற்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும். 1997-இல் ஜூலைக்குள் ஐந்து புயல்கள் வந்தும், வலுத்த எல் நினோவால் ஆகஸ்டில் ஒன்றுகூட உருவாகவில்லை.

மயாமி வாசகர்: அப்படியானால் எதைப் பார்த்துத் தயாராவது?

நாட்காட்டியைப் பார்த்து. பருவத்தின் உச்சம் செப்டம்பர் 10-ஐ ஒட்டி வரும். சன்னல்களுக்கான ஒட்டுப்பலகையை இப்போதே அளந்து அறுத்து, எந்தப் பலகை எந்தச் சன்னலுக்கு என்று ஓரத்தில் பெயின்டால் எண் எழுதி வையுங்கள். காற்று வீசத் தொடங்கிய பிறகு அளவு நாடா கையில் நிற்காது. அரசின் வெள்ளக் காப்பீடு பொதுவாக வாங்கிய 30 நாள் கழித்தே நடைமுறைக்கு வரும். ஆகஸ்ட் நடுவில் பாதுகாப்பு வேண்டுமென்றால் ஜூலை நடுவுக்குள் பணம் கட்டியிருக்க வேண்டும்.